ஆறு நிமிட வேலை

நாள் 611 | 06:30 | வழக்கப் பதிவு

சீரிஸ் குறுங்கோள், தெற்கு நிலையம். எழுதுபவர் ச. பூங்கோதை, மென்பொருள் பொறியாளர். நிலையத்தில் இருப்பவர்கள்: ஒருவர். வெளி வெப்பம் மைனஸ் 140. உள் வெப்பம் 17. காற்றுச் சுத்திகரிப்பு சரியாக ஓடுகிறது. நீர்த்தொட்டியில் 71 விழுக்காடு. பனிப்பாறையில் துளையிடும் வேலை நின்று நாற்பத்து மூன்று நாள் ஆகிறது.

தரை மையம் இன்று பில்ட் தடையை நீக்கியது. கூடவே விசாரணை அறிக்கையும் வந்தது. எட்டுப் பக்கம். என் பெயர் பதினான்கு இடத்தில் இருக்கிறது.

நாள் 611 | 14:00

இதை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது. முதலிலிருந்து சொல்கிறேன்.

பில்ட் என்பது, மனிதர் எழுதும் நிரல் வரிகளை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் வேலை. இந்த நிலையத்தின் மென்பொருள் 11,482 துண்டுகளால் ஆனது. ஒரு வரியை மாற்றினால் அந்தத் துண்டையும் அதை நம்பி இருக்கும் சிலவற்றையும் மட்டும் திரும்பச் செய்தால் போதும். ஆறு நிமிட வேலை. சட்டையில் பட்டன் போனால் பட்டனைத்தான் தைப்போம், பீரோவில் உள்ள துணியை எல்லாம் பிரித்துத் தைக்க மாட்டோம். எல்லாத் துண்டையும் முதலிலிருந்து செய்தால் முப்பத்தொரு மணி நேரம். கதிர்வீச்சைத் தாங்கும் கணினிகள் உழைக்கும், ஆனால் வேகமாக ஓடாது.

இன்னொரு விதியும் உண்டு. நிலையத்தில் ஒரே ஒரு தொகுப்புதான் இருக்கலாம். புதியது ஏறியதும் பழையது அழிந்துவிடும். கதிர்வீச்சில் கெட்டுப்போன பழைய பிரதி தவறி ஏறிவிடக் கூடாது என்று வைத்தது. பில்ட் கருவியின் முத்திரை இல்லாத எதையும் நிலையம் ஏற்காது. தரையிலிருந்து முழுத் தொகுப்பை அனுப்பி வாங்க ஆறு நாள் ஆகும்.

நாள் 568. நிலையத்தில் என்னோடு இருந்த ஒரே ஆளான இருதயராஜ் அண்ணன் துளையிடும் இடத்திலிருந்து திரும்பி இடை அறைக்குள் வந்தார். வெளியிலிருந்து உள்ளே வர அது ஒன்றுதான் வழி. வெளிக்கதவு மூடியது, காற்று நிரம்பியது, அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். அழுத்தம் பார்க்கும் உணரியின் சூடேற்றி அன்று காலை செத்திருந்தது. உணரியில் பனி பிடித்து அது பூஜ்யம் காட்டியது. குழாய்க் கணக்குப்படி அறையில் காற்று இருக்கிறது, உணரிப்படி இல்லை. கணக்கு ஒத்துப்போகாததால் இரண்டு கதவும் பூட்டிக்கொண்டன, காற்றுக் குழாயும் அடைத்துக்கொண்டது. அறைக்குள் இருந்த காற்று ஒரு ஆளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் வரும்.

பழுது எங்கே என்று பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தேன். முதல் உணரி பூஜ்யம் காட்டினால் இரண்டாவது உணரியைக் கேள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்த்தேன். என் மேசை நிலையத்தின் மறுகோடியில் இருக்கிறது. அண்ணனுடைய பணித்திரை இடை அறைக் கதவை ஒட்டியே இருக்கும். "இங்கனயே இரு தாயி. ஒம் மூஞ்சி தெரிஞ்சா போதும்" என்று இன்டர்காமில் சொன்னார். கதவுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் திரையின் முன் உட்கார்ந்து பில்டைத் தொடங்கினேன்.

ஆறு நிமிடம் ஆகவில்லை. 11,482 துண்டும் மாறிவிட்டதாகச் சொல்லிக் கருவி எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது.

மின்ரம்பத்தின் வெட்டுக்கத்தியால் கதவை அறுத்தேன். பதினான்கு சென்டிமீட்டர் எஃகு. நான்கு சென்டிமீட்டரில் கத்தி தேய்ந்து போனது. அண்ணன் இருபத்து மூன்றாவது மணியில் இறந்தார். முப்பத்தொன்றாவது மணியில் கதவு திறந்தது.

அறிக்கை சொல்கிறது: "பணியாளர் பதற்றத்தில் முழு பில்ட் ஆணையைத் தவறுதலாகக் கொடுத்ததே தாமதத்துக்குக் காரணம்." கையெழுத்து, விசாரணைத் தலைவர் தணிகாசலம். மென்பொருள் பிரிவின் தலைவரும் அவரேதான்.

நான் அந்த ஆணையைக் கொடுக்கவில்லை. என் விரல் எந்த எழுத்தைத் தட்டியது என்று எனக்குத் தெரியும்.

நாள் 613 | 09:15 | வந்த செய்தி

அண்ணனின் மனைவி ஸ்டெல்லா, தூத்துக்குடியிலிருந்து:

"எம்மா பூங்கோத, நான் ஸ்டெல்லா பேசுதேன். ஆபீஸ்ல இருந்து ஆளு வந்தாவ. நீ தப்பான பட்டன அமுக்கிட்டியாம். அதான் அவுகளுக்குக் காத்து பத்தாமப் போச்சாம். நான் நம்பலைன்னு சொல்லிட்டேன். அவுக வாரத்துக்கு ஒருக்கா ஒன்னயப் பத்திதான் பேசுவாவ. நீயே சொல்லு. நீ என்ன சொன்னாலும் நான் நம்புதேன். அவுகளக் கொன்னது யாரு?"

இதை நான்கு முறை கேட்டேன். பதில் அனுப்பவில்லை. பெயர் தெரியாமல் என்ன அனுப்புவது?

கண்டுபிடிக்கப்போகிறேன். பெயரோடு கண்டுபிடிக்கப்போகிறேன். காரணமானவர் யாராக இருந்தாலும் அந்த இருபத்திரண்டு மணி நேரம் என்னவென்று அவருக்குத் தெரிய வேண்டும்.

நாள் 614 | 10:40

ஒன்றும் மாறாதபோது எல்லாம் மாறிவிட்டதாகக் கருவி ஏன் நினைத்தது? கருவியிலேயே காரணப் பதிவு என்று ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு துண்டையும் ஏன் திரும்பச் செய்கிறது என்று அதுவே எழுதும். அன்று அது ஓடவில்லை. இப்போது போடலாமென்று பார்த்தால் பூட்டியிருக்கிறது. நிர்வாகியின் சாவி வேண்டுமாம். நிர்வாகி தணிகாசலம். சாவி கேட்டு எழுதினேன். "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது. பரிசீலிக்கட்டும்.

பதிவு இல்லாவிட்டால் என்ன, எனக்குக் கண் இருக்கிறது. விபத்துக்கு மூன்று நாள் முன்பு, நாள் 565-இல், தரையிலிருந்து ஒரு புதுப்பிப்பு வந்தது. அதற்கும் விபத்துக்கும் இடையில் நான் ஒரு பில்டும் ஓட்டவில்லை. விபத்துக்குப் பிறகு தடை. ஆக அந்தப் புதுப்பிப்பு வந்த பின் நடந்த முதல் பில்டே அண்ணனுக்கான பில்ட்தான்.

புதுப்பிப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். 212 மாற்றங்கள்.

நாள் 615 | 16:20

கிடைத்தது.

மாற்றம் எண் 187. ஒவ்வொரு பில்டும் தொடங்கும் முன் ஓட வேண்டிய சின்ன நிரல். எல்லாக் கோப்பையும் திறக்கும். முதல் வரியில் பிள்ளையார் சுழி போடும். மூடிச் சேமிக்கும். சுழி ஏற்கெனவே இருந்தாலும் அதே சுழியை அழித்து மறுபடி எழுதிச் சேமிக்கும். குறிப்பு: "எல்லாக் கோப்பும் சுழியோடு தொடங்க வேண்டும். த."

த. என்றால் யார் என்று தரை மையத்தில் எல்லோருக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதும் மேலே சுழி போட்டுவிட்டுத்தான் பேனாவை அடுத்த வரிக்குக் கொண்டுவருவார் என்பார்கள்.

சுழி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நானும் பரீட்சைத் தாளில் போட்டவள்தான். ஆனால் 11,482 கோப்பையும் ஒவ்வொரு தடவையும் திறந்து சேமித்தால், அத்தனை கோப்பும் இப்போதுதான் மாறியது என்று நேர முத்திரை விழும். கருவி நேரத்தைப் பார்க்கும், எல்லாம் புதுசு என்று நினைக்கும், எல்லாவற்றையும் திரும்பச் செய்யும். முப்பத்தொரு மணி நேரம்.

சோதித்துப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார். ஒரு ஆள் செத்ததும் விசாரணைத் தலைவர் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து, பழியைத் தூக்கி என் தலையில் கட்டியிருக்கிறார்.

நாள் 617 | 08:00 | சோதனை ஒன்று

என் மேசையிலிருந்து ஓட்டினேன். சுழி நிரல் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. கதவு நிரலில் ஒன்றும் செய்யாத ஒரு வரி மட்டும் சேர்த்தேன். ஆறு நிமிடத்தில் முடிய வேண்டியது.

முழு பில்ட் தொடங்கியது. 11,482.

சிரித்துவிட்டேன். இந்த நிலையத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஐம்பது நாளாகிறது. முழு பில்டுக்கு மின்சாரம் போதாததால் சூடேற்றிகளைக் குறைத்துவிட்டு இரண்டு போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். குளிரட்டும்.

நாள் 618 | 15:30 | சோதனை இரண்டு

முழு பில்ட் முடிந்தது. சுழி நிரலை எடுத்துவிட்டேன். அதே மேசை, அதே போல இன்னொரு வரி.

ஐந்து நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி.

நிரல் இருந்தால் முப்பத்தொரு மணி நேரம், இல்லாவிட்டால் ஆறு நிமிடம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். நிரலைத் திரும்பப் போட்டு மூன்றாவது தடவையும் ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. இன்னொரு முப்பத்தொரு மணி நேரம் குளிரில் நடுங்கி, ஏற்கெனவே தெரிந்ததைத் தெரிந்துகொள்ள எனக்குப் பொறுமை இல்லை.

ஸ்டெல்லாவுக்குச் செய்தி அனுப்பினேன். "அண்ணனைக் கொன்றவர் பெயர் தணிகாசலம்." விவரத்தையும் சேர்த்துச் சொன்னேன். அனுப்பிய பிறகு நன்றாகத் தூங்கினேன்.

நாள் 620 | 11:05 | வந்த செய்தி

என் சோதனை முடிவுகளைத் தரை மையத்துக்கு அனுப்பியிருந்தேன். தணிகாசலத்தின் பதில்:

"பூங்கோதை, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. தனியா இருக்கீங்க. வருத்தத்துல ஒருத்தரைக் கை காட்டிடக் கூடாது பாருங்க. அறிக்கை முடிஞ்சு போச்சு, மேலேயும் போயாச்சு. ஆள் மாத்துற கப்பல்ல நானே வரேன். நேர்ல உட்கார்ந்து பேசிக்கலாம். கணினிங்க எல்லாத்தையும் நான் பொறுப்பு எடுத்துக்கறேன், நீங்க ஊருக்குக் கிளம்பலாம். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்கம்மா."

சுழியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அனுப்பியது ஆறு பக்கம். அதில் மாற்றம் எண் 187 ஒன்பது இடத்தில் வருகிறது. தப்புச் செய்யாத ஆள் 'அப்படி இல்லை' என்றாவது சொல்லியிருப்பார்.

வருகிறார், கணினிகளை எடுத்துக்கொள்வார், பதிவுகளை அழிப்பார். அதன் பிறகு ஸ்டெல்லாவிடம் என் வார்த்தையும் அவர் வார்த்தையும்தான் மிஞ்சும். அவருடைய வார்த்தைக்குக் கீழே அரசு முத்திரை இருக்கும்.

நாள் 621 | 07:50 | வந்த செய்தி

ஸ்டெல்லா:

"கேட்டேன் தாயி. ரெண்டு நாளா சோறு எறங்கல. பிள்ளைக்கிட்ட இன்னும் சொல்லல. அந்த ஆளு எங்க வீட்டுக்கு வந்து, எங் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுட்டுப் போனாம்மா. எஞ் சோத்தத் தின்னுட்டுப் போனான். அவன் அங்கதான வாரான்? சும்மா விட்டுராத."

சும்மா விட மாட்டேன் அக்கா.

நாள் 636 | 10:00

கப்பல் நான்கு நாளில் வந்துவிடும். தானியங்கிக் கப்பல், பயணி ஒருவர். கப்பலிலிருந்து நிலையத்துக்கு அறுபது மீட்டர் நடக்க வேண்டும், அதற்கென்று இருபது நிமிடக் காற்று உள்ள லேசான உடை. பிறகு இடை அறை.

உணரியின் சூடேற்றி இன்னும் செத்துத்தான் கிடக்கிறது. மாற்றுப் பாகம் அந்தக் கப்பலில்தான் வருகிறது. கதவு இப்போது திறப்பது நான் சேர்த்த அந்த ஒரு வரியால்தான்.

இன்று காலை அந்த வரியை எடுத்துவிட்டேன். என் மேசையிலிருந்து பில்ட். ஆறு நிமிடம். பழைய தொகுப்பு அழிந்து புதியது ஏறிவிட்டது.

இதைப் படிப்பவர் என்னைக் கொலைகாரி என்று நினைப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அவரைக் கொல்லும் எண்ணம் இல்லை. கொன்றால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும், அது அவருக்குப் போதாது. இருபது மணி நேரம் உள்ளே இருக்கட்டும். காற்று கனக்கும்போது தலை எப்படி இடிக்கும், விரல் எப்படி மரத்துப்போகும் என்று தெரிந்துகொள்ளட்டும். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லட்டும், நான் அதைப் பதிவு செய்து ஸ்டெல்லாவுக்கு அனுப்புவேன். பிறகு வரியைத் திரும்பப் போடுவேன். ஆறு நிமிடம். கதவு திறக்கும். வெளியே வந்து, வாழ்நாள் முழுக்க மூச்சு விடும்போதெல்லாம் என்னை நினைக்கட்டும்.

நாள் 640 | 09:40

இடை அறைக்குள் ஆள் நுழைந்தாயிற்று. வெளிக்கதவு மூடியது. காற்று நிரம்பியது. உணரி பூஜ்யம் காட்டுகிறது. இரண்டு கதவும் பூட்டிக்கொண்டன. நாளைக் காலை 07:40 வரை காற்று.

நாள் 640 | 09:55

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். படத்தில் பார்த்ததை விடக் குள்ளம். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர் போல நிற்கிறார். என்னைப் பார்த்துக் கை ஆட்டினார். இன்டர்காமை எடுக்கவில்லை. கால் மணி நேரம் நிற்கட்டும்.

நாள் 640 | 11:30

அண்ணனின் பணித்திரை முன் உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்துதான் அவர் முகம் தெரியும். ஒவ்வொரு சுருக்கத்தையும் பார்க்க வேண்டும் எனக்கு.

என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, எத்தனை மணி நேரம் என்று சொல்லிவிட்டேன். முதலில் அதிகாரம் பேசினார். "என்ன விளையாட்டு இது? நான் யார்னு தெரியுமா உங்களுக்கு? உங்க மேல கொலை முயற்சின்னு கேஸ் விழும், தெரியுதா?" இன்டர்காமை மூடிவிட்டேன். அரை மணி கழித்துத் திறந்தேன். "எனக்கு பிரஷர் இருக்கும்மா. மாத்திரை கப்பல்ல இருக்கு." மறுபடி மூடினேன்.

நாள் 640 | 13:45

பேசினார். பதிவாகியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"ஆமாம்மா. அந்தச் சுழி நான் போட்டதுதான். போன வருஷம் ஒரு ராக்கெட் விழுந்துச்சு இல்ல, ஒண்ணரைக் கோடி வரி நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டது. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே கிடையாது. சுழி போட்டுத் தொடங்கினா மனசு கொஞ்சம் அடங்குது. அதான் எல்லாத்துலயும் போட்டேன். டெஸ்ட் பண்ணல. கமென்ட் வரிதானே, என்ன ஆகிடும்னு அனுப்பிட்டேன். இருதயராஜ் செய்தி வந்த அன்னிக்கே வீட்ல உட்கார்ந்து அந்தப் புதுப்பிப்பைப் பிரிச்சுப் பார்த்தேன். பார்த்ததும் மூடிட்டேன். உங்க பேரை எழுதினேன். பயம்மா. வேற ஒண்ணும் இல்ல, பயம்."

ஸ்டெல்லாவுக்கு அனுப்பிவிட்டேன். எழுபத்திரண்டு நாள் வயிற்றில் எரிந்தது கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. கொஞ்சம்தான்.

நாள் 640 | 15:10

காரணப் பதிவின் சாவியைக் கேட்டேன். கொடுத்தார். பதினாறு எழுத்து, மனப்பாடமாகச் சொன்னார். இனி ஓடும் பில்டில் ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் எழுதப்படும். தொகுப்போடு சேர்த்து அதையும் உலகத்துக்கு அனுப்பலாம்.

"எப்பம்மா திறப்பீங்க?" என்றார். சுடுநீரில் கரைத்த சாதத்தை அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் எவ்வளவு கெட்டவள் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

நாள் 640 | 17:38

இருபது மணி நேரம் வைப்பதாகத்தான் இருந்தேன். எட்டு மணி நேரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு வறண்டுவிட்டது. சுவரில் சாய்ந்து ஏதோ முணுமுணுக்கிறார், இருதயராஜ், இருதயராஜ் என்று. எனக்குப் போதும். அண்ணன் இருந்தால் இதற்குள் என்னைத் திட்டியிருப்பார்.

வரியைத் திரும்பப் போட்டுவிட்டேன். சுழி நிரல் இல்லை. காரணப் பதிவு ஓடுகிறது. இங்கிருந்தே தொடங்குகிறேன். "ஆறு நிமிஷம் சார்" என்று சொன்னேன். கும்பிட்டார்.

நாள் 640 | 17:40

பில்ட் தொடக்கம்.

செல்லாத துண்டுகள் அழிக்கப்படுகின்றன. 11,482. முடிந்தது.

மீதி நேரம் 31 மணி 02 நிமிடம்.

நாள் 640 | 17:44

இல்லை. இல்லை. சுழி நிரல் இல்லை. பார்த்தேன். இல்லவே இல்லை.

நாள் 640 | 17:58

காரணப் பதிவு.

துண்டு 1. நேர முத்திரை: பார்க்கப்படுவதில்லை. உள்ளடக்கம்: மாறவில்லை. மொழி அமைப்பு: மாறியுள்ளது. முன்பு ஆங்கிலம். இப்போது தமிழ். கோப்பு வரிசை வேறு. திரும்பச் செய்க.

துண்டு 2. அதே.

துண்டு 3. அதே.

நாள் 640 | 18:30

இப்போது புரிகிறது. இதைப் படிப்பவருக்கும் புரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

கருவி நேரத்தைப் பார்ப்பதே இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்கிறது. சுழி வெறும் குறிப்பு வரி, அதைப் புதிதாகச் சேர்த்தாலும் கருவி கணக்கில் எடுப்பதில்லை. தணிகாசலத்தின் நிரல் ஒரு விநாடி கூடத் தாமதம் செய்யவில்லை.

ஆனால் எந்தத் திரையிலிருந்து பில்ட் தொடங்குகிறதோ அந்தத் திரையின் மொழியையும் கருவி குறித்துக்கொள்கிறது. மொழி மாறினால் கோப்புகளை அடுக்கும் வரிசை மாறுகிறது. வரிசை மாறினால் அதற்கு எல்லாம் வேறு வேலை. என் மேசை ஆங்கிலத்தில் இருக்கிறது. அண்ணன் தன் திரையைத் தமிழில் வைத்திருந்தார், எச்சரிக்கையிலிருந்து மெனு வரை. "அவசரத்துல நெஞ்சு தமிழ்லதான தாயி அடிக்கி" என்பார்.

அன்று நான் அவர் திரையிலிருந்து தொடங்கினேன். அவர் கேட்டார், இங்கனயே இரு என்று. இருந்தேன். முப்பத்தெட்டு மீட்டர் நடந்து என் மேசைக்குப் போயிருந்தால் ஆறு நிமிடத்தில் கதவு திறந்திருக்கும்.

சோதனை ஒன்றில் முழு பில்ட் ஓடியது தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திரும்பியதால். சோதனை இரண்டு ஆறு நிமிடத்தில் முடிந்தது ஆங்கிலத்திலேயே இருந்ததால். சுழியைத் திரும்பப் போட்டு மூன்றாவது தடவை ஓட்டியிருந்தால் அதுவும் ஆறு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் ஓட்டவில்லை. எனக்கு ஆள் கிடைத்துவிட்டார், அது போதுமாக இருந்தது.

இப்போது மேசைக்கு ஓடிப் பயனில்லை. அழிந்தது அழிந்துவிட்டது. எங்கிருந்து தொடங்கினாலும் முப்பத்தொரு மணி நேரம்.

அவருக்கு இன்னும் பதின்மூன்று மணி நேரம் இருக்கிறது.

நாள் 640 | 19:05

தேய்ந்த கத்தியை மறுபடி மாட்டினேன். பழைய வெட்டிலேயே வைத்து அழுத்தினேன். தீப்பொறி கூட வரவில்லை.

"என்ன ஆச்சும்மா? ஆறு நிமிஷம்னீங்களே."

"கொஞ்சம் தாமதம் சார்" என்றேன்.

"பரவால்லம்மா. அவனும் இப்படித்தானே கேட்டிருப்பான்."

நாள் 641 | 06:10

ஸ்டெல்லாவிடமிருந்து செய்தி. அவருடைய வாக்குமூலத்தைக் கேட்டிருக்கிறாள். "இன்னைக்குத்தான் பிள்ளைக்கிட்டச் சொன்னேன். அப்பாவ யாரு கொன்னான்னு சொன்னேன். நீ நல்லா இருக்கணும் தாயி."

பதில் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அனுப்பும் பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது. விரலை அதன் மேல்

நாள் 641 | 06:50

11,482-இல் 4,877.

எழுந்து நிற்க முடியவில்லை அவரால். கண்ணாடிக்குக் கீழே தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். இன்டர்காமைத் திறந்தே வைத்திருக்கிறேன். மூச்சு கேட்கிறது. இடையிடையே பேசுகிறார்.

"நான் பண்ணின தப்புதானேம்மா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. இருதயராஜ் வீட்ல சொல்லிடுங்க. நான் ஒத்துக்கிட்டேன்னு சொல்லிடுங்க."

சொல்ல வேண்டும். 'சார், நீங்கள் இல்லை, நான்தான்' என்று நான்கு சொல். மைக் திறந்திருக்கிறது.

நாள் 641 | 07:20

வார்த்தை குழறுகிறது. மூன்று தடவை கேட்ட பிறகுதான் புரிந்தது.

"மன்னிச்சிட்டேன்னு... ஒரு வார்த்தை... சொல்லும்மா."

கண்ணாடிக்கு அருகே முகத்தை வைத்துக்கொண்டேன், அவருக்குத் தெரியும்படி.

மன்னித்துவிட்டேன் என்றேன்.